குளிர் அறைக்குள் ஒரு சாமித் தார்

எங்கள் வாழை விவசாயிகள் குழுவின் குளிர் அறைச் சாவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. அறைக்குள் ஒரு பந்தல்காரரின் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன. முகூர்த்த நாள் வந்தால் அவர் போன் செய்வார், நான் போய்த் திறந்துவிடுவேன். வாழைக்காய் வைக்கக் கட்டின அறையில் ஏன் நாற்காலி கிடக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மெஷின் சரியில்லை என்பேன். ஊரிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சொன்னவன் நான். அது பொய். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தேன். துப்பாக்கி பிடித்த கதையெல்லாம் என்னிடம் கிடையாது. ரேஷன் பிரிவு. உருளைக்கிழங்கும் ஆப்பிளும் முட்டையும் கெடாமல் மலை மேலே போய்ச் சேர வேண்டும், அதுதான் வேலை. ஓய்வு பெற்று வன்னியம்பட்டிப் பக்கம் எங்கள் நிலத்துக்குத் திரும்பியபோது, உலகத்தில் சரக்கை அனுப்பத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்போடுதான் முதல் முறையாக என் சொந்த நேந்திரம் தார்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் கமிஷன் கடைக்குப் போனேன்.

போன அன்றே மூக்குடைந்து வந்தேன். வாழைத்தாரை வெட்டியாகிவிட்டால் விவசாயிக்குப் பேரம் பேச வாயில்லை. திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. "கேரளா வண்டி இன்னைக்கு வரல" என்று கடையில் யாராவது ஒருவர் சொன்னால் போதும், காலையில் இருந்த விலை மத்தியானம் இருக்காது. ஒரு வருடம் தண்ணீர் பாய்ச்சி, காற்றுக்கு முட்டுக் கொடுத்து வளர்த்ததை, வெயிலில் சூடேறுகிறதே என்ற பயத்தில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவோம். எனக்கு வயிறு எரிந்தது. கடை முதலாளி ஒரு பாய். எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் காய் அந்தக் கடைக்குத்தான் போகிறது. அவரை நாலு பேர் முன்னால் அட்டைப் பூச்சி என்று திட்டினேன். அவர் கோபப்படவில்லை. "பட்டாளத்தாரே, மொதல்ல டீயக் குடிங்க" என்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றிலிருந்து என் தலையில் குளிர் அறை ஏறிக்கொண்டது. காயைச் சில நாட்கள் பச்சையாகவே நிறுத்தி வைக்க ஓர் இடம் இருந்தால் நாம் யாரிடமும் போய் நிற்க வேண்டாம், வாங்குகிறவன் நம்மிடம் வருவான். இதைச் சொல்லித்தான் ஊரில் ஆட்களைச் சேர்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒவ்வோர் அலுவலகமாகச் செருப்புத் தேய அலைந்தேன். கூட்டம் போட்டால் பிஸ்கட்டும் டீயும் வரும், கையெழுத்து வராது. கையெழுத்து வந்தால் பணம் வராது. கத்தினேன், சண்டை போட்டேன். "பட்டாளம் வாராருடோய்" என்று பியூன்கள் எழுந்து உள்ளே போவார்கள். எப்படியோ ரோட்டோரம் அறை எழுந்தது. தடித்த சுவர், தடித்த கதவு, உள்ளே எப்போதும் ஒரே அளவான குளிர். குளிர் குறைந்தால் காய் பழுத்துவிடும், ரொம்பக் கூடினால் தோல் கறுத்துவிடும். இவ்வளவும் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன்.

வாங்குவதற்கும் ஆள் கிடைத்தார்கள். கொச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கப்பலில் காய் அனுப்புகிற ஒரு கம்பெனி. அவர்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: காய் பச்சையாக வந்து சேர வேண்டும். அதற்காக முக்கால் பருவத்திலேயே வெட்ட வேண்டும். இதில்தான் ஆபத்து இருந்தது. முக்கால் பருவத்துக் காயை நம் ஊர்ச் சந்தையில் எவரும் சீண்டமாட்டார்கள். முழுதாக முற்றாத காய் பழுத்தால் இனிப்பு இருக்காது, சவசவ என்று இருக்கும். கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சரக்குக்குப் போக்கிடம் கிடையாது.

அதனால் முதல் லோடுக்குக் காய் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கூட்டத்தில் கைதட்டியவர்கள் எல்லாம், "மொதல்ல ஒரு வண்டி போகட்டும் பட்டாளம், பொறவு பாப்போம்" என்றார்கள். என் தோட்டத்துக் காய் மட்டும் ஒரு வண்டிக்குக் காணாது. அப்போது முன்வந்தவர் என் மதினி.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. குத்தகைக்கு எடுத்த தோட்டத்தை விடாமல் தனியாகவே வாழை வைத்துக்கொண்டிருந்தார். அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அவர் வயதுப் பெண்கள் பாதிப் பேர் விடிந்ததும் வேனில் ஏறி, சத்திரப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி மடிக்கப் போய்விட்டார்கள். மதினிக்கு அந்த வேன் என்றாலே ஆகாது. நாள் முழுக்க நாலு சுவருக்குள் தலை குனிந்து உட்கார்ந்து துணி மடிப்பதை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது என்பார்.

"இந்த வெட்டு ஒண்ணு ஒழுங்கா வெலைக்குப் போயிருச்சுன்னா, தோட்டத்த விடாம வச்சுக்கிடுவேன் தம்பி. இல்லன்னா அந்த வேன்தான் எனக்கு" என்றார்.

"நான் இருக்கேன்ல மதினி" என்றேன்.

தோட்டம் முழுவதையும் முக்கால் பருவத்தில் வெட்டச் சம்மதித்தார். ஒரு தார் பாக்கியில்லாமல்.

இல்லை, ஒரே ஒரு தார் மட்டும் பாக்கி. அது சாமித் தார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் ஒரு மரத்தை மட்டும் மற்றவற்றுக்கு முன்னாலேயே குறித்து வைத்து, தார் மரத்திலேயே பழுக்கும்வரை கத்தி படாமல் விட்டுவிடுவோம். வெட்டு நடக்கும்போது அந்தப் பழுத்த தாரைச் சரக்கோடு சரக்காக வைக்க வேண்டும். சாமி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அதை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியம் தாண்டி இருக்கிற எங்கள் குலசாமி கோயிலுக்குப் போக வேண்டும். வண்டி நகரும் முன்னால் அதை நகர்த்தக் கூடாது. அப்பா காலத்தில் தோட்டத்து வேப்பமரக் கிளையில் சாமித் தார் தொங்கும், கீழே வெட்டிய தார்கள் குவிந்து கிடக்கும், சாயங்காலம் வண்டி வரும். இப்போது சரக்கு இருக்கிற இடம் குளிர் அறை. அதனால் சாமித் தாரும் அறைக்குள் இருப்பதுதான் முறை என்று நினைத்தோம். நானே ஏணி போட்டு ஏறி, நடுவில் இருந்த கம்பியில் கொக்கி மாட்டினேன். மதினி குளித்து முழுகி, மஞ்சள் தடவி, மல்லிகைச் சரம் சுற்றி அந்தத் தாரைக் கொண்டுவந்தார். பொன் நிறத்தில் பழுத்திருந்தது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கி மாட்டினோம்.

திறப்பு நாளுக்குப் பாய்க்கும் பத்திரிகை கொடுத்திருந்தேன். மரியாதைக்காக இல்லை. வந்து பார்த்து வயிறெரியட்டும் என்றுதான். அவர் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கட்டிக்கொண்டு வந்தார். சூடம் காட்டி முடிந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார், காலி அட்டைப்பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். பிறகு அண்ணாந்து தாரைப் பார்த்தார். முகம் மாறியது.

"பட்டாளத்தாரே, இந்தப் பழுத்த தாரு பூசைக்குத்தான? பொறவு வெளிய எடுத்துருவியள்லா?"

"வண்டி போற வரைக்கும் இங்கனதான் இருக்கும்."

"அஞ்சு நாளைக்கா? மூடுன ரூம்புல..."

அவரை நான் முடிக்கவிடவில்லை. நாங்கள் உருப்பட்டுவிடக் கூடாதென்று ஏதோ சொல்ல வருகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

"எங்க சாமி எங்கன இருக்கணும்னு ஒங்ககிட்டயா பாய் கேக்கணும்?"

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பாய் முகத்தில் ஈயாடவில்லை. "அல்லா, நான் அப்படிச் சொல்லலய்யா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சூடத்தட்டோடு நின்ற மதினி அவர் போவதையே பார்த்தார். பிறகு தாரை அண்ணாந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் அடுத்த வேலைக்கு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாள் வேலை பட்டாள முறைப்படி நடந்தது. தார் வர வர, சீப்புச் சீப்பாக அறுத்து, படிகாரத் தண்ணீரில் அலசி, கறை போகத் துடைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி உள்ளே ஏற்றினோம். ஒரு சீப்பு கீழே விழுந்தால் வீடே இடிந்த மாதிரி கத்துவேன். குளிர் வீணாகப் போகக் கூடாது என்பதற்காக இன்னொரு சட்டமும் போட்டேன்: காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அதற்கு மேல் கதவைத் திறக்கக் கூடாது. சாவி என் இடுப்பில்.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்ததும் கம்மென்று வாசனை வந்தது. பழ வாசனையும் மல்லிகையும் கலந்து குளிரோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. பெட்டி தூக்க வந்த பெண் ஒருத்தி, "சாமி மணக்குது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் மேல் புல்லரித்தது. நானும் கும்பிட்டேன். பழங்களைக் கெடாமல் அனுப்பியே சம்பளம் வாங்கினவன் நான். அந்த வாசனையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

ஆறாம் நாள் அதிகாலை குளிர்சாதன லாரி வந்தது. ஏற்றி முடித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டி கிளம்பியது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது மதினியும் இன்னொருவரும் சாமித் தாரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். தென்காசி, செங்கோட்டை தாண்டி மலை ஏறி இறங்கினோம். வழியெல்லாம் அடுத்த லோடு எப்போது, யார் யாரிடம் எவ்வளவு காய் இருக்கிறது என்று டிரைவரிடம் பேசிக்கொண்டே வந்தேன். பாவம், அவர் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

மத்தியானம் கொச்சியில், கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் லாரிக் கதவைத் திறந்தார்கள். சோதிக்க வந்த மலையாளி பெட்டியைத் தொடவே இல்லை. வாசலில் நின்று மூச்சை இழுத்தார். பிறகுதான் ஏறி ஒரு பெட்டியைக் கிழித்தார். இன்னொன்று. அடியிலிருந்து இன்னொன்று. காய்களின் முனையெல்லாம் மஞ்சள் ஓடியிருந்தது.

"பழுத்துப் போயி சாரே" என்றார்.

நான் கத்தினேன். உங்கள் லாரியில்தான் குளிர் இல்லை என்றேன். அவர் லாரிக்குள் ஓடிய குளிரின் அளவைக் காட்டினார், சரியாக இருந்தது. ஒரு காயை ஒடித்து உள்ளே காட்டினார். கப்பலில் ஏற்றினால் போய்ச் சேரும்போது கூழாகத்தான் இருக்கும் என்றார். கெஞ்சினேன். பட்டாளத்தில் யாரிடமும் கெஞ்சினதில்லை. அந்த மனிதர் பாவமாகப் பார்த்துவிட்டு, வேறு வண்டியைச் சோதிக்கப் போய்விட்டார்.

வந்த வழியே திரும்பினோம். மறுநாள் காலை ராஜபாளையத்தில், நான் அட்டைப் பூச்சி என்று திட்டின அதே கடை வாசலில்தான் லாரியை நிறுத்த வேண்டியிருந்தது. வேறு எங்கே போவது? பாய் வந்தார். லாரிக்குள் ஏறினார், மோந்து பார்த்தார், இறங்கினார்.

"தாரு உள்ளயே இருந்துச்சாக்கும்" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"எம் பொழப்பே அதுதானய்யா. பச்சக்காய ரூம்புல போட்டு, நடுவுல பழுத்த பழத்த வச்சு, காத்துப் போகாம மூடுவோம். அந்தப் பழத்துல இருந்து வர்ற வாடையிலயே அம்புட்டும் பழுத்துரும். மரத்தடியில தொங்குனா காத்துல போயிரும், ஒண்ணும் செய்யாது. மூடுன ரூம்புல அஞ்சு நாள் கெடந்தா?" லாரிக் கதவைச் சாத்தினார். "அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க சாமி விசயமாக்கிட்டிய. அதுக்கு மேல நான் ஒரு வார்த்த சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்லா?"

வார்த்தைகளில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். தன்னால் விற்றுத் தள்ள முடிந்த பெட்டிகளைப் பாய் இறக்கிக்கொண்டார். மிச்சத்தை மாட்டுக்குப் போட்டோம், மாடு தின்று தீராததைக் குழியில் கொட்டினோம்.

குளிர் அறை வாசலில் மதினி காத்திருந்தார். நெற்றியில் கோயில் திருநீறு. காலி லாரியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னாச்சு தம்பி?"

"மெஷின் கோளாறு மதினி. குளிர் நிக்கல" என்றேன்.

சாமிக்குப் பக்தியோடு வைத்த தாரே உங்கள் வெள்ளாமையைத் தின்றுவிட்டது என்று ஒரு கைம்பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அவருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் போட்ட கம்பெனியிலிருந்து மதுரைக்காரர் ஒருவர் வந்து, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார். அவரை ஊர் முன்னால் நிற்க வைத்து, திருட்டுப் பயலே என்று திட்டி விரட்டினேன். அந்த ஆளும் என்ன செய்வார், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் ஒரு காயை வைக்க ஒருவரும் துணியவில்லை. குழு கலைந்தது. எல்லோரும் பழையபடி தார் வெட்டினால் அன்றைக்கே ராஜபாளையத்துக்கு ஓடுகிறார்கள். தோட்டத்துக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். மதினி வேன் ஏறினார்.

போன மாதம் ஒரு காலையில் வன்னியம்பட்டி விலக்கில் அவரைப் பார்த்தேன். வேனுக்காக நின்றுகொண்டிருந்தார். முன்பைவிட முதுகு வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு மஞ்சப்பையை நீட்டினார்.

"வீட்டுக் கொல்லையில ஒத்த மரம் நிக்கிதுல்லா, அதுல வெட்டுனது. இன்னும் காயாத்தான் இருக்கு. கூட ரெண்டு பழம் போட்டுருக்கேன். அரிசிப் பானைக்குள்ள சேத்து வச்சு மூடிப்போடுங்க. மூணாம் நாள் அம்புட்டும் பழுத்துரும்."

பையை வாங்கிக்கொண்டேன்.

"மதினி, இது ஒங்களுக்கு..."

"இது தெரியாத பொம்பள உண்டா தம்பி? சின்ன வயசுலேர்ந்து வீட்டுல செய்யுததுதான."

"அப்ப அன்னைக்கு..."

"பாய் அண்ணாந்து பாத்தாருல்லா, அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. எடுத்து வெளிய வேம்புல தொங்க விடுவோமான்னு கேக்கத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க எங்க சாமின்னு அந்த மனுசன அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அப்படிப் பேசிட்டிய. பொறவு நான் எப்படி வாயத் தொறக்க? மதினியே சாமிய வெளிய போடச் சொல்லுதாகளேன்னு என்னையும் ஒரு சத்தம் போட்டிருப்பிய."

போட்டிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அப்ப மெஷின்னு சொன்னது பொய்யின்னும் தெரியுமா?"

"தெரியும். நாளைக்கே வந்து உண்மையச் சொல்லுவியன்னு இருந்தேன். எனக்காக வேண்டாம். மெஷின் நல்லாருக்குன்னு தெரிஞ்சிருந்தா ஊருல நாலு பேராச்சும் அடுத்த வெட்டுக்கு அந்த ரூம்ப வச்சுக்கிட்டிருப்பாங்க. நானும் அடுத்த வருசம் பாப்போம்னு தோட்டத்த விட்டிருக்க மாட்டேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கிய? ஊருல சொல்லுங்க."

வேன் வந்தது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மதினி ஏறி, கம்பியைப் பிடித்து, ஜன்னலில்லாத பக்கம் உட்கார்ந்தார்.

ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு வரவில்லை. முதலில் எழுதியாவது பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். அன்று பையை வீட்டுக்குக் கொண்டுபோய் மதினி சொன்ன மாதிரியே அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். மூன்றாம் நாள் திறந்தபோது குளிர் அறையில் அன்றைக்கு வந்த அதே வாசனை வந்தது. எல்லாம் பழுத்திருந்தன. ஒன்றை உரித்தேன், தின்ன முடியவில்லை.